எட்டுக் கிழமை, நாலு அதிகாரம்: வன்னிச் சபைகளில் ஓடும் ஒரு 'விடுதலை வகுப்பு' எப்படி?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் 'பாவத்திலிருந்து விடுதலை' என்று ஒரு சபை அறிவித்தால் அது பெரும்பாலும் முழு இரவு ஜெபமாகத்தான் இருக்கும். ஒலிபெருக்கி, கைவைத்து ஜெபம், விடியத் தேத்தண்ணியும் பணிசும். இங்கே விமர்சனத்துக்கு எடுத்திருப்பது அது அல்ல. ஏ-9 வீதியை ஒட்டிய ஒரு சின்னச் சபை மண்டபத்தில் கிழமைக்கு ஒரு பின்னேரம், ஒன்றரை மணித்தியாலம், எட்டுக் கிழமை நடக்கும் வகுப்பு. பாடம் வேதாகமத்தில் பவுல் எழுதிய ரோமர் நிருபம், 5:12 முதல் 8:13 வரை, அதோடு நடைமுறைக்கு மூன்று கிழமை. கட்டணம் இல்லை. பயிற்சிக் கொப்பிக்குப் போட்டோகொப்பிக் காசு மட்டும். சபையின் பெயரைச் சொல்லவில்லை. இதே கொப்பி கைமாறிக் கைமாறி வேறு சபைகளிலும் ஓடுகிறது, அதன் குறைகளும் கூடவே ஓடுகின்றன.

முதலே தீர்ப்பைச் சொல்லிவிடலாம். முதல் மூன்று கிழமை அருமை. நாலும் ஐந்தும் குழப்பம். ஆறாவது கிழமைதான் வகுப்பின் உயிர். ஏழாவது கிழமையில் ஒரு பக்கத்தைக் கிழித்தே எடுக்கவேண்டும்.

தொடக்கம் ஏன் நல்லது என்றால், பாவங்களின் பட்டியலோடு வகுப்பு தொடங்கவில்லை. குடி, களவு, விபசாரம், பொய் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு 'இவற்றை விடுங்கள்' என்று சொல்வது லேசு. கேட்பவருக்கும் அது புதிதில்லை. விடத் தெரியாமல்தானே வந்திருக்கிறார். வகுப்பு முதல் நாளில் ஆதாமையும் கிறிஸ்துவையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. பாவம் என்பது தனித்தனித் தவறுகளின் தொகை மட்டுமல்ல, மனுஷனை ஆண்டுகொண்டிருக்கும் ஓர் அதிகாரம் என்பதைப் பவுல் 'ஆண்டுகொண்டது' என்ற சொல்லைத் திரும்பத் திரும்பப் போட்டு எழுதுவதைக் காட்டுகிறது. மன்னிப்பு மட்டும் போதாது, ஆட்சியும் மாறவேண்டும் என்ற கேள்வி அப்போதுதான் எழும்புகிறது.

இரண்டாம் கிழமை 6-ம் அதிகாரத்தின் முதல் பதினொரு வசனங்கள். இதில் முதல் பத்து வசனத்தில் ஒரு கட்டளையும் இல்லை என்பதை ஒவ்வொருவரையும் பென்சிலால் தேடவைக்கிறார்கள். நல்ல பயிற்சி. 'நம்முடைய பழைய மனுஷன் அவரோடேகூடச் சிலுவையில் அறையப்பட்டது' என்பது நடந்து முடிந்த காரியம், செய்யவேண்டிய வேலை அல்ல. 11-ம் வசனத்தில்தான் முதல் கட்டளை: மரித்தவர்களாகவும் பிழைத்திருக்கிறவர்களாகவும் 'எண்ணிக்கொள்ளுங்கள்'. பிறகு 12-ல் பாவத்தை ஆள விடாதிருங்கள், 13-ல் அவயவங்களை ஒப்புக்கொடுங்கள். அறிதல், எண்ணுதல், ஒப்புக்கொடுத்தல் என்ற இந்த வரிசையைத் தலைகீழாக்கி, முதலே 'ஒப்புக்கொடு, ஒப்புக்கொடு' என்று ஆண்டாண்டாகப் பிரசங்கித்ததால்தான் ஒவ்வொரு கன்வென்ஷனிலும் அதே ஆட்கள் அதே பாவத்துக்காக முன்னுக்கு வருகிறார்கள்.

பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடமும் இதுதான். 'பாவத்துக்கு மரித்தேன்' என்றால் ஆசையே எழும்பாது என்று நினைத்துவிடுகிறார்கள். அடுத்த நாள் காலை ஆசை எழும்புகிறது. உடனே, ஒன்றில் என் இரட்சிப்புப் பொய், அல்லது வேதம் பொய் என்ற முடிவு. வகுப்பு இதற்குக் கொடுக்கும் உவமை வன்னியில் எவருக்கும் விளங்கும். நுண்கடனைக் கட்டி முடித்துப் பற்றுச்சீட்டும் கையில் இருக்கிறது. ஆனாலும் வசூலிக்கிறவர் படலையில் வந்து நின்று சத்தம் போடுகிறார். அவர் வருவதால் கடன் இருக்கிறது என்று ஆகாது. அவர் போட்ட சத்தத்துக்குப் பயந்து இன்னொரு தவணை கட்டத் தேவையும் இல்லை. சீட்டை எடுத்துக் காட்டு. 6:14 சொல்வதும் இதுவே: நியாயப்பிரமாணத்திற்கு, அதாவது மோசேயின் சட்டத்துக்கு, கீழ்ப்பட்டிராமல் கிருபைக்குக் கீழ்ப்பட்டிருக்கிறபடியால் பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது. பாவம் ஊரைவிட்டே போய்விட்டது என்று அந்த வசனம் சொல்லவில்லை.

மூன்றாம் கிழமையில் ஒரு தாள் தருகிறார்கள். கண், காது, நாக்கு, கை, கால் என்று நிரல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கட்டம்: இதுவரை எதற்குக் கொடுத்தேன், இனி எதற்குக் கொடுக்கிறேன். இரண்டாவது கட்டம் இருப்பதுதான் விசேஷம். 'நாக்கு: பொய் சொல்லேன்' என்று எழுதினால் வகுப்பு நடத்துகிறவர் திருப்பிக் கொடுத்துவிடுவார். 'நாக்கு: நெல் விற்ற காசை வீட்டில் உள்ளபடி சொல்வேன்' என்று இடம், ஆள், நேரத்தோடு எழுதவேண்டும். பொதுவாக எழுதியது கிழமை முடிவில் நடந்ததா இல்லையா என்று எவராலும் சொல்லமுடியாது. அதனாலேயே அது நடப்பதில்லை.

இனிக் குறைகள். 7-ம் அதிகாரத்துக்கு நாலாம் கிழமையின் ஒரே ஒரு பின்னேரம்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். 'விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்' என்று பேசுகிற 'நான்' யார் என்பது சபைச் சரித்திரத்தில் பழைய வழக்கு. ஆதிச் சபைப் பிதா ஒகஸ்தீன் முதலில் அதை நியாயப்பிரமாணத்துக்குக் கீழ் இருக்கிறவனின் குரல் என்று எடுத்தார். மனுஷன் தன் சொந்தச் சக்தியாலேயே நல்லவனாகலாம் என்ற பெலேஜியரோடு வாதிட்ட காலத்தில் கருத்தை மாற்றி, கிருபை பெற்றவனும் இப்படித்தான் பேசுவான் என்றார். சீர்திருத்தக்காரரான லூத்தரும் கல்வினும் அந்தப் பிந்திய கருத்தைப் பிடித்தார்கள். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடக்கிய ஜோன் வெஸ்லி முந்தியதன் பக்கம் நின்றார். கொப்பி ஒரு பக்கத்தை மட்டும், வெஸ்லியின் பக்கத்தை, வேறு கருத்தே இல்லாததுபோலச் சொல்லிவிட்டுப் போகிறது. இது படிப்பாளிகளின் சண்டை மட்டும் என்றால் விட்டுவிடலாம். ஆனால் இருபது வருடம் விசுவாசத்தில் இருந்தும் கோபத்தோடு போராடுகிற ஒருவரிடம் '7-ம் அதிகாரம் இரட்சிக்கப்படாதவனுடையது' என்று சொன்னால், அவர் தன்னை எந்தப் பக்கத்தில் வைப்பார்? அடுத்த கிழமை அவர் வரமாட்டார். எந்த வாசிப்பை எடுத்தாலும் 7:24-ன் கூக்குரலுக்குப் பதில் 7:25-லும் 8:1-லும் இருக்கிறது, கிறிஸ்து இயேசுவுக்குட்பட்டவர்களுக்கு ஆக்கினைத்தீர்ப்பில்லை என்று இரு தரப்பும் ஒத்துக்கொள்கின்றன. அதை அந்தப் பின்னேரமே வாசிக்காமல் 'மிகுதி அடுத்த கிழமை' என்று வீட்டுக்கு அனுப்புவது சரியில்லை. வகுப்பு நடத்துபவர்களுக்கு ஒரு யோசனை: 7-ஐயும் 8:1-4-ஐயும் ஒரே அமர்வில் முடியுங்கள், நேரம் அரை மணித்தியாலம் கூடினாலும் பரவாயில்லை.

ஐந்தாம் கிழமையில் இன்னொரு தடுமாற்றம். 'முயற்சியை நிறுத்து, முழுதாக ஆண்டவரிடம் விட்டுவிடு' என்ற தொனி முதல் பாதி முழுக்க. 1875-ல் இங்கிலாந்தில் தொடங்கிய கெஸ்விக் கூட்டங்களால் உலகமெங்கும் பரவிய உபதேசம் இது, நம் கன்வென்ஷன் மேடைகளிலும் பழகிய சத்தம். இரண்டாம் பாதியில் திடீரென்று 'போராடு' என்கிறார்கள். கேட்பவர் எதை எடுப்பது? பாடத்தின் கடைசி வசனத்திலேயே விடை இருக்கிறது: 'ஆவியினாலே சரீரத்தின் செய்கைகளை அழித்தால் பிழைப்பீர்கள்.' வல்லமை ஆவியானவருடையது, அழிக்கிற வேலை நம்முடையது. இரண்டையும் ஒரே வசனம் சேர்த்துக் கட்டியிருக்கும்போது கொப்பி மட்டும் பிரித்து வைப்பானேன்?

ஆறாம் கிழமை அறிக்கையும் ஈடுசெய்தலும். இதற்காகவே இந்த வகுப்புக்குப் போகலாம். இருவர் இருவராகச் சேர்த்து, கிழமைக்கு ஒருமுறை அரை மணித்தியாலம் சந்திக்கச் சொல்கிறார்கள். நாலு கேள்வி: எங்கே விழுந்தீர், எங்கே சோதனை வந்தும் விழவில்லை, அப்போது எது உதவியது, இப்போது எதையாவது மறைக்கிறீரா. 1738 டிசம்பரில் வெஸ்லி தன் சிறு குழுக்களுக்கு எழுதிக்கொடுத்த விதிகளிலும் கிட்டத்தட்ட இவையே இருக்கின்றன. மெதடிஸ்த மிஷனரிமார் இலங்கைக் கரையில் இறங்கியது 1814-ல். இருநூறு வருடத்துக்கு மேல் பழைய மரபு, அதை இப்போது புதுமை என்று போட்டோகொப்பி எடுக்கிறோம்.

இணை சேர்ப்பதற்குக் கொப்பியில் ஒரே விதி: ஆண் ஆணோடு, பெண் பெண்ணோடு. வன்னிக் கிராமத்துக்கு அது போதாது. ஒரே குடும்பத்தவர் கூடாது. கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் கூடாது. போதகரும் அவரிடம் சம்பளம் வாங்கும் ஊழியரும் கூடாது. ஒருவர் மற்றவருக்குப் பயப்படும் இடத்தில் உண்மை வராது, வந்தாலும் பிறகு அது ஆயுதமாகும். சின்ன ஊரில் எல்லோரும் சொந்தம் என்றால் பக்கத்து ஊர்ச் சபையிலிருந்து ஆள் எடுக்கவேண்டும். விசுவமடுக்காரருக்குத் தர்மபுரத்தில் ஒருவர், அவ்வளவுதான் தூரம்.

எவ்வளவு சொல்வது என்பதில் வகுப்பு தெளிவாக இருக்கிறது. பாவத்தின் வட்டம் எவ்வளவோ அறிக்கையின் வட்டமும் அவ்வளவே. மனதுக்குள் செய்தது தேவனுக்கும் ஜெப இணைக்கும். ஒருவருக்குச் செய்தது அவருக்கு. சபை முழுவதற்கும் தெரிந்தது சபைக்கு. ஒலிவாங்கியைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டுவதை 'சாட்சி' என்று பழக்கிவிட்டதால் எத்தனை குடும்பம் உடைந்தது என்பது நம் சபைகளுக்குத் தெரியும். யாக்கோபு 5:16 சொஸ்தமடையும்படிக்கு அறிக்கையிடச் சொல்கிறது, வேடிக்கைக்கு அல்ல.

ஈடுசெய்தல் பகுதி இன்னும் கெட்டி. லேவியராகமம் 6:5-ன்படி முதலும் அதோடு ஐந்தில் ஒரு பங்கும். யாத்திராகமம் 22:1-ன்படி திருடிய மாட்டை விற்றாலோ அடித்தாலோ ஒன்றுக்கு ஐந்து, ஆட்டுக்கு நாலு. வரி வசூலித்த சகேயு சொன்ன நாலத்தனை லூக்கா 19:8-ல். மாட்டுக் களவு இன்றும் ஒரு பிழைப்பாக இருக்கும் பிரதேசத்தில் இந்தக் கணக்கைப் பலகையில் போடும்போது மண்டபம் அமைதியாகிவிடும். இந்தத் திருப்பிக் கொடுத்தலால் இரட்சிப்பு வாங்கப்படுவதில்லை என்பதையும் சொல்கிறார்கள். இரட்சிப்பு சகேயுவின் வீட்டுக்கு வந்தபடியால் அவன் பணப்பை திறந்தது.

காணி விஷயத்தில் மட்டும் அவசரப்படவேண்டாம். இடம்பெயர்ந்து திரும்பியபோது எல்லைக் கதியாலைத் தள்ளிப் போட்டவர்கள் உண்டு. உபாகமம் 27:17 எல்லைக்குறியை ஒற்றிப்போடுகிறவனைச் சபிக்கிறது. மனம் திரும்பியவர் ஓர் உணர்ச்சியில் வேலியைப் பிடுங்கி நட்டுவிட்டால், உறுதி இல்லாத காணியில் நாளைக்குப் பிள்ளைகள் காலத்தில் மறுபடி வழக்கு வரும். அயலவரிடம் முதலில் ஒத்துக்கொண்டு, கிராம அலுவலரைக் கூட்டிவந்து, பிரதேச செயலகத்தில் எழுத்தில் முடிப்பதுதான் முறை. கொப்பி இதைச் சொல்வதில்லை, சொல்லவேண்டும்.

பெரிய ஓட்டை ஒன்று. 'இணைக்குள் பேசியது இணையை விட்டு வெளியே போகாது' என்று கொப்பி ஒரே வரியில் எழுதிவிட்டது. விதிவிலக்கே இல்லையா? ஒரு பிள்ளைக்குத் தீங்கு நடந்திருக்கிறது, நடக்கிறது என்று தெரிந்தால் அது ஜெபக் குறிப்பு அல்ல. சிறுவர் உதவி எண்ணான 1929-க்கு அழைத்து அறிவிக்கவேண்டிய குற்றம். ஒருவர் உயிரை மாய்க்கப் பேசினாலும் அப்படியே, தனியே விடக்கூடாது, 1926-ல் மனநல உதவி இருக்கிறது. முதல் சந்திப்பிலேயே இந்த இரண்டு விலக்கையும் வாய்விட்டுச் சொல்லிவிடவேண்டும். பிறகு சொன்னால் நம்பிக்கைத் துரோகமாகத் தெரியும்.

ஏழாம் கிழமை பழக்கத்தின் சங்கிலி. யாக்கோபு 1:14-15: இச்சை இழுக்கிறது, கர்ப்பந்தரிக்கிறது, பாவத்தைப் பிறப்பிக்கிறது, பாவம் பூரணமாகும்போது மரணத்தைப் பிறப்பிக்கிறது. இதை வைத்து ஒரு கிழமைக்குரிய தாள்: நேரம், இடம், அதற்குச் சற்று முன் நடந்தது, மனதில் வந்த எண்ணம், செய்தது. ஐந்து நிரல். மூன்றாம் நிரல்தான் முக்கியம். சங்கிலியை அறுக்கலாகும் இடம் அங்கேதான் தெரியும். கசிப்பு வீட்டு வாசலில் நின்று ஜெபிப்பது பிந்திய ஜெபம். சனிக்கிழமை பின்னேரம்: கையில் நாள்கூலிக் காசு, வயிற்றில் பசி, வழக்கமான பாதை, வழக்கமான கூட்டாளி. இந்த நாலில் இரண்டை மாற்றினாலே பாதிப் போர். வேலைத்தலத்திலேயே காசை வீட்டுக்காரியிடம் கொடுப்பது, சாப்பிட்டுவிட்டுப் புறப்படுவது. 'துர் இச்சைகளுக்கு இடமாக உடலைப் பேணாமலிருந்து' என்று ரோமர் 13:14 சொல்வதன் நடைமுறை இதுதான். கைத்தொலைபேசி ஆபாசத்துக்கும் அதே வழி. பத்து மணிக்குப் பிறகு போனை விறாந்தையில் சார்ஜில் போடு. அலாரத்துக்குச் சாட்டுச் சொன்னால் ஒரு மணிக்கூடு வாங்கு.

வெறுமையாக விட்டால் திரும்பி வரும் என்பதையும் சேர்க்கிறார்கள். லூக்கா 11:24-26-ல் பெருக்கி ஜோடிக்கப்பட்ட வீட்டுக்கு ஏழு ஆவிகள் வருகின்றன. முழு இரவு ஜெபத்தின் பலவீனத்தை இந்த மூன்று வசனமே சொல்லிவிடுகிறது. எபேசியர் 4:28-ல் திருடுகிறவன் திருடாமல் விட்டால் போதாது, கைகளினால் வேலைசெய்து குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கவேண்டும். தாளின் எழுத்து விஷயத்தில் ஓர் எச்சரிக்கை: முழுப் பெயரும் விவரமும் எழுதவேண்டாம். கொப்பி தட்டில் கிடக்கும், பிள்ளை வாசிக்கும். குறியீடு போதும், இணையோடு பேசிய பிறகு கிழித்துவிடலாம்.

கிழிக்கவேண்டிய பக்கம் என்று சொன்னது இதே கிழமையில் வருகிறது. 'கட்டுகள்' என்ற தலைப்பில் குடி, சூது, விபசாரத்தோடு பயம், நித்திரையின்மை, கெட்ட கனவு, அழுகை எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போட்டிருக்கிறார்கள். 2009 மே வரை நடந்ததைக் கண்ணால் கண்ட ஊர்களில் இதைக் கொடுப்பதா? குண்டுச் சத்தத்தில் இன்னும் திடுக்கிட்டு எழும்புகிற தாய் பாவத்தின் வல்லமைக்குள் இல்லை, காயப்பட்டிருக்கிறார். பிள்ளையின் உடலை அடக்கம் பண்ணாமல் ஓடிவந்தேன் என்று தன்னைக் குற்றம்சாட்டுகிறவருக்கு மன்னிப்பு ஜெபம் சொல்லிக்கொடுப்பது, செய்யாத குற்றத்தை அவர் தலையில் ஏற்றுவது. யோபுவின் நண்பர்கள் செய்த வேலை அதுதான், 42:7-ல் அவர்களுக்குக் கிடைத்த பதில் தேவனுடைய கோபம். மறுபக்கம், அந்தக் காலத்தில் உண்மையாகவே பிறருக்குத் தீங்கு செய்த ஒருவர் மனம் குத்தி வந்தால், 'அது யுத்தம், மறந்துவிடு' என்பதும் மருந்தல்ல. அவருக்கு அறிக்கையும் மன்னிப்பும் தேவை. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் இந்தக் கிழமையை நடத்தக்கூடாது. இருளிலேயே முடியும் புலம்பலான சங்கீதம் 88-ஐ அந்தப் பக்கத்தின் இடத்தில் வைத்து, மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவு எந்தெந்த நாளில் பார்க்கிறது என்று விசாரித்து அடியில் எழுதிவிட்டால் போதும்.

குடி பற்றி ஓர் உயிர் விஷயம். வருடக்கணக்காக நாள்தோறும் குடித்தவர் 'இன்றோடு விட்டேன்' என்று சட்டென நிறுத்தினால், ஆறு முதல் இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் நடுக்கம், வியர்வை, வாந்தி தொடங்கும். இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள்வரை புத்தி தடுமாறி, இல்லாததைக் கண்டு பேசி, காய்ச்சலோடு உயிருக்கே ஆபத்தாகலாம். சபையில் இதைப் பிசாசு என்று நினைத்து உபவாசம் போடுகிறார்கள். சாப்பாடு குறைந்து, உயிர்ச்சத்து பி1 ஏற்கெனவே வற்றிப்போன உடம்பில் உபவாசம் நிலைமையை இன்னும் கெடுக்கும். மனந்திரும்புதல் அன்றைக்கே நடக்கட்டும். நிறுத்துவது வைத்தியரின் மேற்பார்வையில் நடக்கட்டும். வலிப்பு வந்தால் 1990 அம்புலன்ஸ். கொப்பியில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எட்டாம் கிழமை விழுந்தால் எழும்புவது. 1 யோவான் 1:9, 2:1. சுருக்கம், போதும். விழுந்த அன்றே இணைக்குச் சொல்லவேண்டும், 'இனிச் சுத்தமானபிறகு ஜெபிப்பேன்' என்று மூன்று நாள் ஒதுங்கக்கூடாது என்ற ஒரு அறிவுரைக்காகவே அந்தப் பின்னேரத்துக்குப் போகலாம். அந்த மூன்று நாளில்தான் ஒரு தடவை விழுந்தது பத்துத் தடவையாகிறது.

கத்தோலிக்க வாசகர்கள் கேட்கக்கூடும்: பாவசங்கீர்த்தனம் இருக்க இது எதற்கு? இரகசியக் காப்பில் அதற்கு நிகரில்லை. சொன்னது குருவானவரை விட்டு வெளியே போகாது. ஆனால் ஆவணியில் மடு மாதா திருவிழாவுக்குப் போய் வரிசையில் நின்று சொல்லிவிட்டு அடுத்த ஆவணிவரை விடுபவருக்கு, இந்த வகுப்பின் ஏழாம் கிழமைத் தாள் உதவும். ஒரே குருவானவரிடம் மாதாமாதம் போகிறவருக்கு அதிகம் தேவைப்படாது. கோட்பாட்டில் ஒரு வித்தியாசம் உண்டு. ஞானஸ்நானத்துக்குப் பின் எஞ்சும் இச்சை தன்னளவில் பாவம் அல்ல, பாவத்துக்கு இழுப்பது என்பது 16-ம் நூற்றாண்டுக் கத்தோலிக்கப் பொதுச்சங்கமான திரெந்து சங்கத்தின் போதனை. சீர்திருத்தச் சபைகள் அதையும் பாவம் என்கின்றன. கொப்பி இதைத் தொடுவதே இல்லை. எட்டுக் கிழமையில் தொடவும் வேண்டாம்.

சேர விரும்புகிறவர்கள் காலத்தைப் பார்த்துச் சேருங்கள். விதைப்பும் அறுவடையும் நடக்கும் கிழமைகளில் வருகை பாதியாகும், இணை முறிந்துவிடும், ஆறாம் கிழமையைத் தவறவிட்டவருக்கு மிகுதி விளங்காது. காலபோக வெட்டு முடிந்து சிறுபோகத்துக்குத் தண்ணீர் திறக்குமுன் உள்ள இடைவெளியோ, பங்குனி வெயில் தாங்காதவர்களுக்குச் சிறுபோகம் முடிந்த கையோடு வரும் கிழமைகளோ வசதி. வேதாகமம், பென்சில், ஒரு ஒற்றைரூல் கொப்பி போதும். பயிற்சிக் கொப்பியின் பிரதியில் வசன எண்கள் சில இடத்தில் மங்கிப்போயிருக்கும், வேதாகமத்தோடு சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெண்களுக்குத் தனி இணை ஒழுங்கு இருக்கிறதா, நடத்துகிறவர் பெண்ணா என்று முதலே கேளுங்கள். இல்லையென்றால் ஐந்தாம் கிழமைக்குள் அதை ஒழுங்குபண்ணச் சொல்லிக் கேட்டபிறகு பெயரைக் கொடுங்கள்.